கறுங்காது நாயும் சோம்பு ரொட்டியும்

என் தம்பி ஹினெக் தெருவில் வந்தால் ஊரே சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்ளும். அவன் புகைபோக்கி துடைக்கிறவன். புகைபோக்கிக்காரனைப் பார்த்ததும் பொத்தானைத் தொட்டால் அன்றைக்கு அதிர்ஷ்டம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. லாட்டரி வாங்கப் போகிறவன், பரீட்சைக்குப் போகிற பிள்ளை, பசு எப்போது கன்று போடும் என்று காத்திருக்கிறவள், எல்லோருக்கும் ஹினெக் வேண்டும். கல்யாணப் பெண்கள் அவன் கன்னத்துக் கரியை விரலால் தொட்டு எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஐம்பத்தொரு வயது வரைக்கும் ஊருக்கெல்லாம் அதிர்ஷ்டத்தை வாரி இறைத்தவன், தனக்கென்று ஒரு பிடிகூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. மடையன். நான் அவன் அக்கா, நான் சொல்லலாம். நீங்கள் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மொராவியாவின் தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் லெஸ்கோவிச். நூற்றெழுபது வீடு. பதினைந்து வயதில் ஏணியைத் தோளில் போட்டவன் ஹினெக். கூரை முகட்டில் எதையும் பிடிக்காமல் நடப்பான், விசில் அடிப்பான், மேலேயிருந்தே யார் வீட்டில் என்ன வேகிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்வான். "வாவ்ரின் அண்ணன் வீட்ல இன்னிக்கும் முட்டைக்கோஸ்தான்!" என்று அவன் கத்தினால் மூன்று தெருவுக்குச் சிரிப்புக் கேட்கும். தரையில் இறங்கியதும் பேச்சு நின்றுவிடும். நாக்கை மேலேயே மறந்து வைத்துவிட்டு வந்தவன் மாதிரி முழிப்பான். அதுவும் எதிரில் அப்போலெனா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அப்போலெனா ரொட்டிக்கடைக்காரர் மகள். இளவயதில் அவளிடம் இவன் பேசிய மொத்தப் பேச்சும் ஒரே வாக்கியம். தினம் காலையில் கடைக்குப் போய், தொப்பியைக் கழற்றி, "சோம்பு போட்டது இருக்கா?" என்பான். இருக்காது. அவள் அப்பாவுக்குச் சோம்பு வாசனையே ஆகாது. "இல்லையே" என்பாள் அவள். "சரி" என்று சொல்லிச் சாதா ரொட்டியை வாங்கிக்கொண்டு வருவான். இப்படி மூன்று வருஷம். காதலாம் காதல்!

இனி அந்த நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சதுக்கத்தின் நடுவில், கொள்ளைநோய் ஓய்ந்ததற்கு நன்றியாக எழுப்பிய தூண் நிற்கிறது. என் பத்திரிகைக் கடை ஜன்னலைத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். உச்சியில் பன்னிரண்டு நட்சத்திரத்தோடு மாதா. அவளுக்குக் கீழே மேகமா, பிசைந்து வைத்த மாவா என்று சொல்ல முடியாத கல் உருண்டைகள். அவற்றில் முட்டி மோதிக்கொண்டு சிறகு முளைத்த, கொழுத்த கன்னத்துச் சம்மனசுகள். அடியில் செபஸ்தியார், சார்லஸ், குகைக்குள் படுத்திருக்கும் ரொசாலியா, அங்கியை ஒதுக்கித் தொடைக் கட்டியைக் காட்டும் புனித ரோக். ரோக்கின் காலடியில் அவருடைய நாய். கொள்ளைநோய் கண்டு காட்டில் கிடந்தவருக்குத் தினம் ஒரு ரொட்டி கவ்விக்கொண்டு வந்து கொடுத்த நாய். எந்த ஊர்த் தூணிலும் அதன் வாயில் கல் ரொட்டி இருக்கும். எங்கள் நாயின் வாய் மட்டும் காலி.

காரணம், தூணைச் செதுக்கிய சிற்பி கடைசியாக நாயிடம் வந்த சமயத்தில் எங்கள் ஊர் ரொட்டிக்காரர் மகளைப் பார்த்துத் தொலைத்தான். இருநூற்று எண்பது வருஷத்துக்கு முந்திய கதை. நோய் ஓய்ந்து, மிச்சமிருந்தவர்கள் மூச்சுவிட ஆரம்பித்த சமயம். உளியை அப்படியே போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். "நாயோட ரொட்டி எங்கப்பா?" என்று புறப்படுகிறபோது ஊர்க்காரர்கள் கேட்டதற்கு, "அதை நான் எடுத்துக்கிட்டேன்" என்றானாம்.

அன்றிலிருந்து ஆகஸ்டில் ரோக் திருநாள் வந்தால், காலைப் பூசை முடிந்ததும் ரொட்டிக்கடையிலிருந்து ஒரு நிஜ ரொட்டி வந்து நாயின் வாயில் உட்காரும். சாயங்கால மணி அடிப்பதற்குள் யாராவது அதைத் திருட வேண்டும். திருடி, பாதியைத் தான் நினைத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். வாங்கித் தின்றுவிட்டால் நிச்சயம் ஆனது மாதிரி. அப்பன், ஆத்தாள், பங்குச் சாமியார், எவரும் வாய் திறக்கக் கூடாது. ஒரே ஒரு நிபந்தனை, எடுக்கிறபோது ஊரில் எவர் கண்ணிலும் படக் கூடாது. பட்டால் செல்லாது. ரொட்டியைத் திரும்ப நாய் வாயில் வைத்துவிட்டு ஒரு வருஷம் ஊர்ச் சிரிப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இருபத்து நான்காவது வயதில் என் தம்பி அதைத் திருடினான். அப்படி ஒரு திருட்டு அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. பட்டப்பகல், திருவிழாக் கூட்டம், ஒரு குருவிக்குக்கூடத் தெரியாமல் எடுத்துவிட்டான். கூரையில் பூனை மாதிரி நடக்கிறவன் ஆயிற்றே. ஆனால் அந்த மகாபுத்திசாலி வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். கை கழுவவில்லை!

படியில் கறுப்புக் கை. ரோக்கின் முழங்காலில் கறுப்புக் கை. நாயின் இடது காது முழுக்கக் கரி, பிடித்துத்தானே ஏறியிருக்கிறான். அங்கிருந்து ரொட்டிக்கடைச் சுவர் நெடுக ஐந்து விரலும் அச்சு அச்சாக. ஊரே சிரித்துக்கொண்டு அந்த அச்சுகளைப் பிடித்துக்கொண்டே போனது. கடை வாசலில் இவன் முதுகுக்குப் பின்னால் ரொட்டியை மறைத்துக்கொண்டு நிற்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகம். எதிரில் அப்போலெனா. அவள் இவனைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள், வெடித்துச் சிரித்துவிட்டாள்.

அவ்வளவுதான். எடுத்ததை எவரும் பார்க்காததால் திருட்டு செல்லும்தான். ஆனாலும் அவள் சிரித்ததும் இவன் ரொட்டியைக் கொண்டுபோய் நாய் வாயில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை. அன்றைக்கு ராத்திரி ஏன் அழுகிறாய் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதன் பிறகு இருபத்தேழு வருஷம் சதுக்கத்தின் நடுவில் அவன் கால் வைத்ததில்லை. சுவரோரமாகவே சுற்றிப் போவான். ரொட்டிக்கடைக்கும் போகமாட்டான். ரொட்டி வாங்குவது என் வேலை ஆகிவிட்டது. எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் புருனோவோடு நான் கீழ்வீட்டில் இருக்க, இவன் மாடியறையில் இருந்தான். எங்கள் மேஜையில் சாப்பிட்டான், எங்கள் மூன்று பிள்ளைகளையும் கூரைக்குக் கூட்டிப்போய் எனக்கு நெஞ்சுவலி வரவழைத்தான்.

அப்போலெனாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த வருஷமே அவள் அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்து, கடை அவளிடம் வந்தது. அதிலிருந்து ரோக் ரொட்டியும் அவள் கைதான். நடுவில் ஆறேழு பையன்கள் அதைத் திருடிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். எல்லோரும் ஒரே புகார். "ரொட்டி நல்லாத்தான் இருக்கு, அதுல எதுக்குச் சோம்பை அள்ளிக் கொட்டறா?" எனக்கும் அது காதில் விழுந்தது. விழுந்து என்ன பிரயோஜனம்? என் மரமண்டைக்கு ஏறவில்லை.

அதுமட்டுமா. ஒரு வருஷம் பட்டணத்திலிருந்து கல் சுத்தம் செய்கிறவர்கள் வந்து, சாரம் கட்டி, மாதாவிலிருந்து ஆரம்பித்துக் கீழே வரைக்கும் பளபளவென்று ஆக்கினார்கள். நாயின் காதருகே வந்தபோது அப்போலெனா அடுப்பில் ரொட்டி தள்ளுகிற நீளக் கட்டையோடு ஓடி வந்தாள்.

"அந்தக் காது மேல கை வச்சீங்க, உங்களையும் அடுப்புல தள்ளிடுவேன்!"

"அம்மா, அது வெறும் கரிம்மா."

"கரின்னு எனக்குத் தெரியாதா? போங்கய்யா அந்தப் பக்கம்!"

அவர்கள் போய்விட்டார்கள். நாய் ஒரு காது வெள்ளை, ஒரு காது கறுப்பாகவே நின்றது. அடுப்படி வெக்கையில் நின்று நின்று இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் புருனோவிடம் சொன்னேன். கடவுளே, என்னை மன்னிக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போகிற வருஷத்துக்கு வருகிறேன். இளசுகள் எல்லாம் வேலைக்கு வெளியூர் போய்விட்டதால் ஒன்பது வருஷமாக ரொட்டியை யாரும் தொடவில்லை. அந்தக் கோடையில் பக்கத்து ஊர் துப்னிட்ஸாவிலிருந்து ஒத்மார் என்றொருவர் எங்கள் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், வாத்துப் பண்ணை வைத்திருக்கிறவர். ஆள் நல்ல மனுஷர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் அப்போலெனா என் கடைக்கு வந்து, வாங்காத பத்திரிகையை எல்லாம் புரட்டிக்கொண்டு நின்றாள்.

"மார்த்தாக்கா, ஒத்மார் என்னைக் கட்டிக்கறேங்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"ரோக் திருநாள் சாயங்கால மணி அடிக்கட்டும், அப்புறம் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்." அப்புறம் கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்: "மணி அடிக்கற வரைக்குந்தான், அக்கா."

அப்போதுதான் என் மண்டையில் மணி அடித்தது. சோம்பு! கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஹினெக் சூப் குடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். கரண்டி கையிலிருந்து விழுந்தது. சோம்பு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது என் வாயால் அவனுக்குத் தெரிய வேண்டிய சங்கதி இல்லை.

"அவ சிரிச்சாக்கா" என்றான். இருபத்தேழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"சிரிச்சா சிரிக்கட்டுமே! உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்திருக்கியா? நானும் தினம் சிரிக்கிறேன், உனக்குச் சோறு போடலியா?"

"ஊரே பாக்கும்."

"பாக்காம நான் பாத்துக்கறேன். நீ கையைக் கழுவு."

ஆறு நாள் கழுவினோம். சோப்பு, சாம்பல், உப்பு, எலுமிச்சை, கடைசியில் புருனோவின் பிளம் சாராயம். முப்பத்தாறு வருஷக் கரி, நகக்கண்ணை விட்டுப் போவேனா என்றது. நான் தேய்க்கிற தேய்ப்பில் அவன் கத்தின கத்தல் தெருவுக்குக் கேட்டது. கடைசியில் தீயணைப்புக் குழுவில் கொடி பிடிக்கிறவர் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கையுறையை இரவல் வாங்க, கோயில் மணிக்காரர் வாவ்ரின் அண்ணனிடம் போனேன். அவர்தான் குழுவின் பெட்டிச் சாவியை வைத்திருக்கிறவர்.

"எதுக்கும்மா கையுறை?"

"ஒண்ணுமில்லண்ணே, சும்மா."

"ஹினெக்குக்கா?"

"ஆமா, திருநாள் சாயங்காலம் அஞ்சரைக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏம்மா சொல்றேன்!"

மறுநாள் காலையில் இறைச்சிக்கடையில் எனக்கு முன்னால் நின்ற ஏழு பேரும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தத் தடவை ஊர் வாய் ஊருக்கு நல்லதே செய்தது. யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது: திருநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தூண் பக்கம் ஒரு கண்கூட இருக்கக் கூடாது.

திருநாள் வந்தது. பூசை முடிந்து அப்போலெனா ரொட்டியைக் கொண்டுவந்தாள். தலையில் பச்சைத் துணி, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாய் வாயில் ரொட்டியைப் பொருத்திவிட்டுக் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மணி அடிக்கிற வரைக்கும் ரொட்டிக்காரி வெளியே பார்க்கக் கூடாது என்பதும் வழக்கம். மத்தியானம் முழுக்கச் சாப்பாடு, வெண்ணெய்ப்பாலாடை வைத்த வட்டப் பணியாரம், போன வருஷத்து ஒயின். இரண்டு மணிக்கெல்லாம் பாதி ஊர் பாட ஆரம்பித்துவிட்டது. ஹினெக் என் கடைக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தான். தன் கல்யாணத்துக்கென்று வாங்கி எதற்கும் போடாத கோட்டு, வெள்ளைக் கையுறை. பெரிய மனிதர் வீட்டுப் பரிமாறுகிறவன் மாதிரி இருந்தான். எனக்கே சிரிப்பு வந்தது, வாயைக் கடித்துக்கொண்டேன்.

ஐந்தரைக்கு ஒரு சிக்கல். ஒத்மார்! மனுஷர் தூணுக்கு நேர் எதிர்ப் பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு மூங்கில் கூடை, உள்ளே பெண்ணுக்குப் பரிசாக ஒரு கொழுத்த வாத்து. பதில் வாங்க வந்தவர், மணி அடிக்கிற வரைக்கும் நகரமாட்டார். அவரிடம் போய் "திரும்பி உட்காருங்க, உங்க பொண்ணைத் திருடப் போறோம்" என்று சொல்ல முடியுமா?

பிளம் சாராயத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒத்மார் ஐயா, ஒரு மடக்கு."

"வேண்டாம்மா, இன்னிக்கு எனக்குத் தலை தெளிவா இருக்கணும்."

"வாத்து நல்லா வளத்தியா இருக்கே."

"ஏழு கிலோ" என்றார், முகமெல்லாம் மலர்ந்து.

கூடையின் மூடி தானாகத் திறந்துகொண்டது என்று நான் அப்போது மாதா மேல் சத்தியம் செய்தேன். எனக்கு வயதாகிவிட்டது, இனிப் பொய் எதற்கு? திறந்தது நான்தான். ஏழு கிலோவும் ஒரே தாவலில் வெளியே வந்து, என் மடியை மிதித்து, பங்குச் சாமியாரின் காலுக்கிடையில் புகுந்து, ஓடையைப் பார்த்து ஓடியது. "ஏய்! ஏய்! ஸ்டாஷ்கா!" என்று கத்திக்கொண்டு ஒத்மார் பின்னால் ஓடினார். பரிசாகக் கொண்டுவந்த வாத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

அவர் தலை மறைந்ததும் எங்கள் ஊர்ப் பேண்டுக்காரர்கள் எழுந்து கோயில் படியைப் பார்த்துத் திரும்பி நின்று ஒரு போல்கா நடனப் பாட்டு ஆரம்பித்தார்கள். ஜனங்களும் திரும்பினார்கள். கிழவர்கள் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் தலையைப் பிடித்துத் திருகினார்கள். நானூறு பேர், நானூறு முதுகு. நான் புருனோவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் டியூபா ஊதுகிறவர். தோளில் மாட்டிக்கொண்டால் தலைக்கு மேலே அண்டா வாய் மாதிரி விரியும் பித்தளை. அதன் வெளிப்பக்கத்தை முந்தின நாள் நானே சுண்ணாம்பு போட்டுத் தேய்த்திருந்தேன். அதில் என் முகம் தெரிந்தது. என் முகத்துக்குப் பின்னால், குட்டியாக, வளைந்து நெளிந்து, தூண் தெரிந்தது.

நான் பார்க்கவில்லை. டியூபாதான் பார்த்தது.

ஹினெக் கடையிலிருந்து வெளியே வந்தான். சதுக்கத்தின் நடுவில் நடந்தான். முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவது படியில் நின்றுவிட்டான். கோயில் கோபுரத்து உச்சியில் நின்று சீட்டி அடித்தவன், மூன்றே படி உயரத்தில் தலை சுற்றி, ரோக்கின் முழங்காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்! ஏன் என்று எனக்குத் தெரிந்தது. நானூறு முதுகும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கூட்டம் முழுக்கத் தனக்காகத் திரும்பி நிற்கிறது என்று தெரிந்தால் எவனுக்குத்தான் கை வரும்? ரகசியமாகத் திருடத் தெரிந்தவனுக்கு, ஊர் உபகாரத்தோடு திருடத் தெரியவில்லை.

போல்கா முடிந்தது. இன்னொரு தரம் வாசித்தார்கள். அதுவும் முடிந்தது. புருனோவுக்கு மூச்சு வாங்கியது. கோபுரக் கடிகாரத்தில் ஆறு ஆனது. மணி அடிக்கவில்லை. ஆறு ஒன்று. ஆறு இரண்டு. மேலே வாவ்ரின் அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் போலிருக்கிறது. வழக்கம் மணியைத்தான் சொல்கிறது, கடிகாரத்தை இல்லையே!

"எடுடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "எடுடா, என் கண்ணு, எடுத்துத் தொலைடா."

டியூபாவில் அவன் கை ரொட்டியின் பக்கம் நீண்டது. அப்புறம் இறங்கிக்கொண்டது. ஒரு படி கீழே இறங்கினான். வெறுங்கையோடு. போச்சு, எல்லாம் போச்சு, இவன் ஜன்மத்துக்கும் என் வீட்டு மாடியறையில்தான் என்று நினைத்தேன். அழுகையும் வந்துவிட்டது, ஒளிப்பானேன்.

அப்போது மரச்செருப்புச் சத்தம் கேட்டது. டக், டக், டக். அந்த நடை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலை நாலு மணிக்குத் தினம் கேட்கிற நடை. மணி அடிக்கிற வரைக்கும் ரொட்டிக்காரி வெளியே பார்க்கக் கூடாது என்கிற வழக்கம் அன்றைக்கு யாருக்கும் நினைவில்லை. நானூறு முதுகும் ஒரே சமயத்தில் விறைத்தன. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அன்றைக்கு எங்கள் ஊரை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

பார்க்கத்தான் கூடாது. கேட்கக் கூடாது என்று எந்த வழக்கமும் கிடையாது. கேட்டோம்.

"நகரு" என்றாள் அப்போலெனா. "இரு, போகாத. தள்ளி நில்லுன்னுதான் சொன்னேன்."

டியூபாவில் ஒரு பச்சைத் துணி மேலே ஏறியது. ஆண்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லி வைத்ததில்லை. இருநூற்று எண்பது வருஷத்தில் எந்தப் பெண்ணுக்கும் தோன்றியதுமில்லை. ரொட்டியின் மேலோடு உடைகிற சத்தம் மொறுமொறுவென்று சதுக்கம் முழுக்கக் கேட்டது.

"கையுறையைக் கழட்டு. பாக்கச் சகிக்கல. யார் குடுத்தா இதை உனக்கு?"

"அக்கா..." என்றான் என் தம்பி, காட்டிக்கொடுத்தான்.

"அன்னிக்கு நான் ஏன் சிரிச்சேன்னு ஒரு நாளாவது வந்து கேட்டியா நீ?"

டியூபாவில் அவன் குனிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சந்தோஷத்துல சிரிச்சேன். இவனுக்கு வாயே இல்லன்னு மூணு வருஷமா நினைச்சிட்டிருந்தேன். பாத்தா ஊர் முழுக்கக் கையாலயே எழுதி வச்சுட்டு வந்து நிக்கற. சிரிக்காம என்ன பண்றது? நான் சிரிச்சு முடிச்சுக் கையை நீட்டறதுக்குள்ள நீ ஓடிட்ட. அதுக்கு இருபத்தேழு வருஷமா ஓடுவாங்க?"

"நீ கூப்பிட்டிருக்கலாம்" என்றான் ஹினெக், மெதுவாக.

"கூப்பிட்டுட்டுதான் இருந்தேன். தின்னு பாரு."

மென்றான். நானூறு பேரும் அவன் மெல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். மென்று கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"சோம்பு போட்டிருக்க" என்றான்.

"இது இருபத்தேழாவது ரொட்டி" என்றாள் அப்போலெனா. அதுவரை அவள் குரல் உடையவில்லை, அங்கே உடைந்தது. "பாதிக்கு மேல கோழிக்குத்தான் போட்டேன். நீ வரவே இல்ல."

அப்புறம் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. டியூபாவில் பார்த்ததைச் சொன்னால் பார்த்ததாகிவிடும், ஆகவே சொல்லமாட்டேன். எனக்கு முன்னால் புருனோவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, அவர் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேலே வாவ்ரின் அண்ணன் கயிற்றை விட்டார். மணி அப்படி ஒரு அடி அடித்தது. புறாக்கள் எல்லாம் மாதாவின் கிரீடத்திலிருந்து ஒரே வீச்சில் கிளம்பின. நானூறு பேரும் திரும்பிக் கத்திய கத்தலில் என் காது இரண்டு நாள் அடைத்திருந்தது.

ஒத்மார் முழங்கால் வரை நனைந்து, ஸ்டாஷ்காவை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடையிலிருந்து திரும்பி வந்தார். நாயின் காலி வாயைப் பார்த்தார். இரண்டு பாதி ரொட்டியையும் பார்த்தார். புத்திசாலி மனுஷர், உடனே புரிந்துகொண்டார்.

"யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். செல்லுமா செல்லாதா என்பது அதில்தான் இருக்கிறது.

சதுக்கம் முழுக்கத் தலைகள் இடமும் வலமும் ஆடின. பங்குச் சாமியாரும் ஆட்டினார். ஒத்மார் ஸ்டாஷ்காவைக் கூடைக்குள் வைத்து மூடினார். பிறகு என் பக்கம் வந்து உட்கார்ந்து, "இப்ப அந்த மடக்கைக் குடும்மா" என்றார். கொடுத்தேன். கல்யாணத்துக்கு வரிசையாக அவர் ஸ்டாஷ்காவையே கொடுத்தார். அதை அடுப்பில் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. இன்னும் அது ரொட்டிக்கடைக் கொல்லையில்தான் திரிகிறது, என்னைக் கண்டால் கொத்த வருகிறது.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஹினெக் இப்போதும் கூரையில்தான், இறங்கினால் ரொட்டிக்கடையில். கன்னத்தில் கரியும் மாவும் சேர்ந்தே இருக்கும். தரையிலும் பேசப் பழகிவிட்டான், இப்போது நிறுத்துவதுதான் பாடு. அன்றைக்கு மணி அடித்த வேகத்தில் அவன் படியில் தடுமாறி, வெறுங்கையால் நாயின் வலது காதைப் பிடித்துக்கொண்டான். ஆறு நாள் நான் தேய்த்த தேய்ப்பு வீண். நாய்க்கு இப்போது இரண்டு காதும் கறுப்பு. சுத்தம் செய்கிறவர்கள் போன மாதம் மறுபடி வந்து, அது என்ன கறை என்று என் ஜன்னலில் விசாரித்தார்கள். ரொட்டி தள்ளுகிற அந்த நீளக் கட்டையை அப்போலெனாவிடமிருந்து வாங்கி என் கடையிலேயே வைத்திருக்கிறேன். எடுத்துக் காட்டினேன்.